பெர்விக் படைவீடு

இங்கிலாந்தின் வடகோடியில், ட்வீட் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் வடகரையில் அமைந்திருக்கிறது பெர்விக் என்னும் சிறிய நகரம். மேற்கே பல மைல் தூரம் அந்த நதியே இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லையாக இருந்து வருகிறது. அந்த நியாயம் கடல்வரை நீடித்திருக்குமானால் வடகரையிலுள்ள பெர்விக் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஊராகவே இருந்திருக்கும். ஆனால் எல்லைக்கோடானது நகரத்தை நெருங்கும் தறுவாயில் நதியைக் கைவிட்டு, வடக்கே வளைந்து, ஊரையும் அதன் சுற்றுப்புறத்து வயல்களையும் இங்கிலாந்தின் பங்காக ஒதுக்கிக் கொடுத்துவிட்டு, அப்பால் நாலைந்து கிலோமீட்டர் தொலைவில் கடலில் இறங்கிவிடுகிறது. அந்த வளைவுக்குள் மூன்று நூற்றாண்டு யுத்தம் அடங்கிக் கிடக்கிறது. இரண்டு ராஜ்யங்களுக்கும் இடையே 13 முறை கைமாறியதாகச் சொல்லப்படும் இவ்வூர், கடைசியாக 1482-இல், பின்னாளில் மூன்றாம் ரிச்சர்டு என்று முடிசூடிய க்ளாஸ்டர் கோமகனால் பிடிக்கப்பட்டு, அன்றுமுதல் இங்கிலாந்தின் வசமே இருந்து வருகிறது. பெர்விக்ஷயர் என்று இதன் பெயரையே தாங்கிய மாவட்டம் ஸ்காட்லாந்தில் இருக்கிறது. பெயர் கொடுத்த ஊர் அதில் இல்லை. ஊரின் கால்பந்துக் குழுவோ இங்கிலாந்து மண்ணில் இருந்துகொண்டு ஸ்காட்லாந்தின் பந்தயங்களில் ஆடுகிறது. சட்டங்களில் ‘இங்கிலாந்து’ என்று எங்கே சொன்னாலும் அதில் வேல்ஸும் பெர்விக்கும் அடங்கும் என்று 1746-இல் பார்லிமெண்டு தனியே ஒரு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது என்றால், இந்த ஊர் எந்த நாட்டில் இருக்கிறது என்ற சந்தேகம் சட்டம் செய்தவர்களுக்கே தீராதிருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

ரயிலில் வருகிறவன் இறங்கி நிற்கும் இடமே சரித்திரத்தின் மார்பின்மேல் இருக்கிறது. பழைய கோட்டையின் பெருமண்டபம் இருந்த நிலத்தில்தான் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் நிலையத்தைக் கட்டினார்கள். ஸ்காட்லாந்தின் சிம்மாசனத்துக்குப் பலர் உரிமை கோரியபோது, மத்தியஸ்தனாக அமர்ந்த இங்கிலாந்து மன்னன் முதலாம் எட்வர்டு, ஜான் பேலியலுக்கே அரசு என்று 1292 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது அந்த மண்டபத்தில். நாலு வருஷம் கழியவில்லை. தான் முடிசூட்டியவன் தனக்கு அடங்கவில்லை என்று 1296-இல் அதே எட்வர்டு படையோடு வந்து, தீர்ப்புக் கேட்ட அதே ஊரின் ஜனங்களை ஆயிரக்கணக்கில் வெட்டிச் சாய்த்தான். பிளாட்பாரத்தில் பெட்டியும் கையுமாக நிற்கிறவர்களில் இதை நினைப்பவர் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நினைக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. நானும் அங்கே அதிக நேரம் நின்றுவிடவில்லை. நான் பார்க்க விரும்பியது அரசர்கள் சண்டையிட்ட இடத்தை அல்ல. அவர்களுடைய சண்டைக்காகக் கூலிக்கு அமர்ந்தவர்கள் படுத்துறங்கிய இடத்தை.

அங்கே போவதற்கு ஊருக்குள்ளாக நடந்தும் போகலாம், கோட்டை மதிலின்மேல் சுற்றியும் போகலாம். மதிலின் வழி நெடியது என்றாலும் அதையே தேர்ந்துகொண்டேன். 1558-இல், மேரி அரசியின் ஆட்சி முடியும் தறுவாயில் தொடங்கி, எலிசபெத்தின் காலத்தில் பெரும்பகுதி எழும்பிய மதில் அது. பழைய கோட்டைகளைப்போல வானத்தை நோக்கி உயராமல், பீரங்கிக் குண்டுகளை ஏற்றுத் தின்றுவிடும்படியாகக் கல்லும் மண்ணும் கலந்து தாழ்வாகவும் தடிப்பாகவும் பரந்து கிடக்கிறது. மூலைக்கு மூலை, அம்புமுனையின் வடிவில் கொத்தளங்கள் வெளியே நீண்டிருக்கின்றன. இத்தாலியச் சிற்பிகள் கண்டுபிடித்த முறை இது. எலிசபெத்தின் ஆட்சியில் வேறெந்த நிர்மாணத்துக்கும் செலவாகாத திரவியம், 1,28,000 பவுனுக்கு மேல், இந்த ஒரு மதிலுக்குச் செலவாயிற்று; அப்படியும் பூர்த்தியாகவில்லை. அது நிற்கக் கட்டப்பட்டதே தவிர, எந்த எதிரியும் அதை முற்றுகையிட்டுச் சோதித்துப் பார்க்கவில்லை. 1603-இல் எலிசபெத்து பிள்ளையில்லாமல் இறந்துபோக, ஸ்காட்லாந்தின் அரசன் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசனாகி, லண்டனுக்குப் போகும் வழியில் இந்த ஊருக்குள் விருந்தாளியாக நுழைந்தபோது, யாருக்குப் பயந்து மதில் எழுப்பினார்களோ அவரை வரவேற்க அதே மதிலின் பீரங்கிகளை முழக்கினார்கள். இப்போது அதன் புல்தரையில் ஊரார் மாலைவேளைகளில் நாயைக் கூட்டிக்கொண்டு உலாவுகிறார்கள். உலகத்தில் எத்தனையோ மதில்களுக்கு இவ்வளவு நல்ல கதி வாய்க்கவில்லை.

மதிலிலிருந்து இறங்கியதும், அணிவகுப்பு மைதானம் என்று பெயர் பெற்ற வெளியின் ஒருபுறம் ஒரு மாதாகோவிலும் அதற்கு எதிரே படைவீட்டின் வாயிலும் இருக்கின்றன. மாதாகோவிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1650-க்கும் 1652-க்கும் இடையே, அரசனின் தலையை வெட்டிவிட்டு இங்கிலாந்து குடியரசாக இருந்த சொற்பகாலத்தில் கட்டப்பட்ட கோவில் அது. ஆடம்பரத்தை வெறுத்த அந்தக் காலத்து மதநெறிக்கு இணங்க அதற்குக் கோபுரம் கிடையாது. ஆகையால் தொழுகைக்கு அழைக்கும் மணியைச் சற்றுத் தள்ளியிருக்கும் நகர மண்டபத்தின் உச்சியிலிருந்து அடிக்கிறார்கள். அந்நியன் ஒருவன் மணியோசை கேட்டுக் கோவிலைத் தேடிப் போனால், நகரசபையின் வாசலில் போய் நிற்பான்.

படைவீடோ முற்றிலும் வேறு சுபாவம் உடையது. 1717-இல் தொடங்கி 1721-இல் முடிந்த வேலை. மாதாகோவில்கள் பலவற்றை லண்டனில் கட்டிப் புகழ்பெற்ற நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் என்னும் சிற்பியின் யோசனை இதில் இருப்பதாகக் கட்டடக்கலை அறிந்தவர்கள் கருதுகிறார்கள். அரசாங்கத்தின் படைக்கல இலாகா இதைக் கட்டுவித்தது. வாயிலின் மேலே முதலாம் ஜார்ஜ் மன்னரின் ராஜசின்னம், வர்ணம் பூசிய கல்லில், அவசியத்துக்கு மேற்பட்ட கம்பீரத்தோடு விளங்குகிறது. உள்ளே நுழைந்தால் விசாலமான சதுர முற்றம். அதன் இருமருங்கிலும் மும்மாடி உயரத்தில் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்த்தபடி நீண்ட இரண்டு கட்டடங்கள். எதிர்க்கோடியில், இருபது வருஷம் கழித்துச் சேர்க்கப்பட்ட, கடிகாரத்தைத் தலையில் தாங்கிய மூன்றாவது கட்டடம். கூரையின் முகப்புச் சுவர்கள், அந்நாட்டில் காக்கைப்படி என்று சொல்லப்படும் விதமாக, படிப்படியாக ஏறி உச்சியில் சேர்கின்றன. ஜன்னல்கள் ஒரே அளவு, ஒரே இடைவெளி. ஒரு ஜன்னலைப் பார்த்துவிட்டவன் எல்லா ஜன்னல்களையும் பார்த்துவிட்டான். அழகு என்று நான் சொல்லமாட்டேன்; ஆயினும் அந்த முற்றத்தின் நடுவே நிற்கும்போது, முதுகெலும்பு நம்மைக் கேளாமலே நிமிர்ந்துகொள்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. கல்லை வைத்து இப்படி மனிதனை நிமிர்த்தத் தெரிந்தவன் சாமானியனாக இருக்க முடியாது.

36 அதிகாரிகளும் 600 சிப்பாய்களும் குடியிருப்பதற்கென்று திட்டமிட்ட இடம் இது. பட்டாளத்துக்கென்றே தனியே திட்டமிட்டு இங்கிலாந்தில் கட்டிய வாசஸ்தலங்களில் மிகப் பழமையானவற்றுள் இது ஒன்று என்று சொல்லும்போது, கேட்பவருக்கு ஒரு சந்தேகம் எழுவது சகஜம். அதற்கு முன்னே இங்கிலாந்தில் சேனை இல்லையா? இருந்தது. அப்படியானால் அந்தச் சேனை எங்கே உறங்கியது?

ஊரார் வீட்டில் உறங்கியது. இதுதான் இந்தக் கட்டடத்தின் ஆதிகாரணம். வெளியூரிலிருந்து ஒரு படை வந்து தங்குமானால், விடுதிகளிலும் மதுக்கடைகளிலும், அவை போதாத இடத்தில் குடிமக்களுடைய வீடுகளிலும் சிப்பாய்களைப் பங்கிட்டு அமர்த்துவது அக்காலத்து வழக்கம். சம்மதமில்லாமல் குடிகளின் வீட்டில் சிப்பாயை அமர்த்தலாகாது என்று 1628-லேயே பார்லிமெண்டு அரசனிடம் முறையிட்டு உரிமை பெற்றிருந்தது என்றாலும், எல்லைப்புறத்து ஊரில், காவற்படை ஓயாமல் வந்து வந்து போகிற இடத்தில், உரிமை என்பது காகிதத்தில் இருந்தது, சிப்பாய் கட்டிலில் இருந்தான். 1715-இல், முடியிழந்த ஸ்டூவர்ட் வம்சத்தின் பேரால் ஜாக்கோபைட்டுகள் ஸ்காட்லாந்தில் எழுப்பிய கலகத்தை அடக்கிய பிறகு, எல்லையில் காவல் பலப்பட்டதும் ஊராரின் பாரமும் கூடியது. எங்களால் இனிச் சுமக்க முடியாது, இவர்களுக்கென்று தனியே ஓர் இடம் கட்டிக் கொடுங்கள் என்று நகரத்தார் விண்ணப்பித்துக் கொண்டார்கள். அரசனின் கஜானாவும் அந்த விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்தது.

ஆகவே இந்த உயர்ந்த வெளிச்சுவரைப் பார்க்கும்போது, இது ஸ்காட்லாந்துக்காரனைத் தடுப்பதற்காக எழுந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அவனைத் தடுக்க மதில் ஏற்கெனவே இருந்தது. பெர்விக்கின் குடியானவன் தன்னுடைய அடுப்பங்கரைக்கும், அரசனின் சம்பளம் வாங்கும் தன்னுடைய தேசத்துச் சிப்பாய்க்கும் இடையே எழுப்பிக்கொண்ட சுவர் இது. எல்லைப்புற நகரத்தில் உண்மையாகவே அன்றாடம் உணரப்பட்ட எல்லை, வடக்கே வயல்வெளியில் ஓடிய அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோடு அல்ல, இந்த வாயிற்கதவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், குடிமக்கள் வேண்டி விரும்பி எழுப்பிக்கொண்ட இந்தச் சுவரை அந்நாட்டுச் சுதந்திரவாதிகள் மிகுந்த அச்சத்தோடு பார்த்தார்கள். சமாதான காலத்தில் பார்லிமெண்டின் சம்மதமின்றி நிரந்தரச் சேனை வைத்திருப்பது சட்டவிரோதம் என்று 1689-இல் உரிமைச் சாசனம் செய்தவர்கள் அவர்கள். குடியரசை ஆண்ட கிராம்வெல்லின் படைத்தலைவர்கள் தேசத்தை ஜில்லா ஜில்லாவாகப் பிரித்துக்கொண்டு ஆண்டதையும், இரண்டாம் ஜேம்ஸ் லண்டனுக்கு வெளியே ஹவுன்ஸ்லோ வெளியில் பட்டாளத்தை நிறுத்தித் தலைநகரை மிரட்டியதையும் அவர்களும் அவர்களுடைய தகப்பன்மாரும் பார்த்திருந்தார்கள். சேனையை நடத்துவதற்கான சட்டத்தையே வருஷத்துக்கு வருஷம் புதுப்பித்தாலொழிய செல்லாது என்று வைத்தார்கள். ஒரு வருஷம் பார்லிமெண்டு மறுத்துவிட்டால் சேனை கலைந்துபோக வேண்டியதுதான். 1765-இல் வெளிவரத் தொடங்கிய தம்முடைய சட்ட வியாக்கியானத்தில் ப்ளாக்ஸ்டன் பண்டிதர் இந்த மனப்பான்மையைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறார்: சிப்பாய்கள் ஜனங்களோடு ஜனங்களாகக் கலந்து வாழ வேண்டும்; அவர்களுக்குத் தனி முகாமோ, தனிப் படைவீடோ, உள்நாட்டுக் கோட்டையோ இருக்கலாகாது. பிரித்து வைத்தால் சேனை தனி ஜாதியாகிவிடும்; தனி ஜாதியாகிவிட்டவன் ஊரார்மேல் துப்பாக்கியை நீட்டத் தயங்கமாட்டான் என்பது அதன் தாத்பரியம்.

ப்ளாக்ஸ்டன் சொல்வதை மறுப்பதற்கு எனக்குத் துணிவில்லை. ஆனால் அவர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையில் இருந்து அதை எழுதினார். அவருடைய அறையில் யாரும் சிப்பாய்களைக் கொண்டுவந்து படுக்கவைக்கவில்லை. தேசத்தின் சுதந்திரம் என்ற பெரும்பொருளைக் காப்பதற்காக, பெர்விக்கில் ஒரு விடுதிக்காரி தன் வீட்டு விறகையும் மெழுகுவத்தியையும் படுக்கையையும் விட்டுக்கொடுத்துவிட்டு, வயதுவந்த மகளைப் பக்கத்து வீட்டில் உறங்க அனுப்பிக்கொண்டு இருக்க வேண்டியிருக்குமானால், அந்தச் சுதந்திரத்தின் விலையை அவள் ஒருத்தி தலையில் கட்டியது எந்த நியாயம் என்று அவள் கேட்டிருப்பாள். சித்தாந்திகள் தூரத்து ஆபத்தைச் சரியாகவே காண்கிறார்கள். அருகே இருப்பவன் அருகிலுள்ள ஆபத்தைக் காண்கிறான். இருவருடைய விண்ணப்பமும் நியாயமானதுதான். இருவருமே அபிப்பிராயம் கேளாமல் விட்ட மூன்றாவது ஆசாமி ஒருவன் உண்டு, அவன்தான் சிப்பாய்.

அவனுடைய அறையை அந்தக் காலத்துத் தோற்றத்திலேயே மறுபடி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஓர் அறைக்கு எட்டுப் பேர், நாலு கட்டில், ஒரு கட்டிலுக்கு இருவர். ஒரே கணப்பு. அதிலேயே குளிர் காய்ந்து, அதிலேயே சமைத்து, அதன் புகையிலேயே உறங்கி எழுந்திருக்கிறார்கள். கூடப் படுப்பவனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை சிப்பாய்க்கு எப்போதும் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. குறட்டை விடுகிறவன், குடித்துவிட்டு வருகிறவன், காய்ச்சலில் பிதற்றுகிறவன், யாரானாலும் போர்வை ஒன்றுதான். இரவில் வெளியே போவதற்கில்லை. அறையின் மூலையில் தொட்டி ஒன்றை வைத்துவிடுவார்கள். முற்றத்தில் நின்றபோது என் முதுகெலும்பை நிமிர்த்திய அந்த ஒழுங்கான ஜன்னல்களில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இந்த நெடி இருந்திருக்கிறது. ஒழுங்கு முற்றத்தில் இருந்தது. அதைப் பார்ப்பதற்கென்று வந்து போகும் தளபதியும் முற்றத்தோடு நின்றுவிடுவார்.

சிப்பாய் மணம் செய்துகொள்ள அதிகாரியின் அனுமதி வேண்டும். படையின் கணக்கில் சேர்த்துக்கொள்ளப்படும் மனைவிமார் நூறு பேருக்கு ஆறு பேர் அளவுதான். அவ்விதம் அனுமதி பெற்ற பாக்கியசாலிக்குக் கிடைத்த இல்லறம் எதுவென்றால், மற்ற ஆண்கள் உறங்கும் அதே அறையின் ஒரு மூலையில், கயிற்றில் போர்வையைத் தொங்கவிட்டு மறைத்த ஒரு கட்டில். பிள்ளைகள் அங்கேயே பிறந்தன. பகலெல்லாம் அவள் அந்த ஆண்களுக்குத் துணி வெளுத்துக் கொடுத்து நாலு காசு சம்பாதிப்பாள். படை கடல்கடந்து போகும்போது எந்தெந்த மனைவியர் கூடப் போகலாம் என்பதைத் துறைமுகத்தில் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். ‘போகலாம்’ என்ற சீட்டு வராதவள் குழந்தையோடு கரையில் நிற்க வேண்டியதுதான். ஊராருடைய குடும்பத்தின் மானம் காப்பதற்காக எழுந்த சுவருக்குள்ளே, சிப்பாயுடைய குடும்பத்தின் மானம் ஒரு போர்வையின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காட்சிசாலையில் இதைப்பற்றி ஒரு பலகையில் நிதானமான வாக்கியங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நிதானம் சரிதான். கண்ணீர் விட்டு எழுதியிருந்தால் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.

இந்த வாழ்க்கை மனிதனை என்ன செய்தது என்பதைக் கணக்கெடுத்துப் பார்க்க இங்கிலாந்துக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. க்ரிமியா யுத்தத்தின் அவமானத்துக்குப் பிறகு, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் விடாமல் நெருக்கியதன் பலனாக, சிட்னி ஹெர்பர்டு தலைமையில் ஒரு கமிஷன் அமைந்து, 1858-இல் தன் அறிக்கையை வெளியிட்டது. யுத்தமே இல்லாமல், சொந்தத் தேசத்தில், படைவீடுகளில் சும்மா இருந்த காலாட்படைச் சிப்பாய்களில் வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 17 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள்; அதே வயதுடைய ஊர்ஜனங்களிலோ அது 9 அளவில் இருந்தது. பொறுக்கியெடுத்த திடகாத்திரமான வாலிபர்கள், ஊர்ஜனங்களைவிட ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் செத்தார்கள். பெரும்பாலும் க்ஷயரோகம். காரணம் காற்றில்லாமை. ஒரு மனிதனுக்குக் குறைந்தபட்சம் 600 கன அடி இடம் வேண்டும் என்று நிபுணர்கள் விதித்தபோது, எத்தனையோ படைவீடுகளில் அதில் பாதிகூட இல்லை என்று தெரியவந்தது. அரசனுடைய கைதிக்குக் கிடைத்த காற்று அரசனுடைய வீரனுக்குக் கிடைக்கவில்லை. எதிரியின் குண்டுக்குக் கணக்கு வைத்தவர்கள் அறையின் ஜன்னலுக்குக் கணக்கு வைக்க மறந்துபோனார்கள்.

எதிரியைப் பற்றிய பேச்சு வந்ததால் சொல்கிறேன்: இந்தப் படைவீட்டைத் தேடி எதிரி வரவே இல்லை. 1745-இல் ஜாக்கோபைட்டுகள் மறுபடியும் எழுந்தார்கள். செப்டம்பர் 21 விடியற்காலையில், எடின்பரோவுக்கு அருகே ப்ரெஸ்டன்பான்ஸ் என்ற இடத்தில், மலைநாட்டுக்காரர்கள் வாளை உருவிக்கொண்டு ஓடிவந்ததைக் கண்டு, சர் ஜான் கோப் என்னும் தளபதியின் படை அரைமணிக்குள் சிதறி ஓடிற்று. கோப் அவர்கள் குதிரையேறி வந்து சேர்ந்த இடம் இந்தப் பெர்விக். தன் தோல்விச் செய்தியைத் தானே கொண்டுவந்த தளபதி என்று ஊர் சிரித்ததாகச் சொல்வார்கள். வென்ற ஸ்டூவர்ட் இளவரசன் சார்லஸோ, மதிலும் படைவீடும் அமைந்த இந்தக் கிழக்குப் பாதையை விட்டுவிட்டு, மேற்கே கார்லைல் வழியாக இங்கிலாந்துக்குள் இறங்கிப் போய்விட்டான். கோப்பைக் கிண்டல் செய்து ஜாக்கோபைட்டுகள் கட்டிய பாட்டு மட்டும் சாகவில்லை. அதன் மெட்டைப் பிற்காலத்தில் ஸ்காட்டியப் படைப்பிரிவுகள் பலவற்றில் பள்ளியெழுச்சியாகக் குழலில் ஊதினார்கள். மன்னருடைய தளபதியைக் கேலிசெய்யும் பாட்டைக் கேட்டு மன்னருடைய சிப்பாய்கள் கண்விழித்தார்கள். சரித்திரத்துக்கு நகைச்சுவை உண்டா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

அந்த நகைச்சுவையின் உச்சம் 1881-இல் வந்தது. சேனையைச் சீர்திருத்தி ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு நிரந்தர ஊரைத் தலைமையிடமாக நியமித்தபோது, இங்கிலாந்து மண்ணில், ஸ்காட்லாந்துக்காரனுக்குப் பயந்த காலத்தில் கட்டிய இந்தப் படைவீடு, பின்னால் ‘கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ்’ என்று பெயர் பூண்ட ஸ்காட்டியப் படைப்பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது. 1689-இல் எடின்பரோவில் லீவன் பிரபு தம்பட்டம் அடித்து ஆள் சேர்த்துத் திரட்டிய படை அது. இரண்டு மணி நேரத்தில் 800 பேர் சேர்ந்தார்கள் என்பது அவர்களுடைய பெருமை. அந்த நகரத் தெருக்களில் நகராதிபதியின் அனுமதி கேளாமல் தம்பட்டம் அடித்து ஆள் சேர்க்கும் உரிமையும் அதனால் அவர்களுக்கு உண்டாயிற்று. நான் போனபோது அவர்களுடைய பதக்கங்களும் கொடிகளும் உடைவாட்களும் இங்கே கண்ணாடிக்குள் இருந்தன. 1759 ஆகஸ்டு 1-ஆம் தேதி ஜெர்மனியில் மின்டன் போர்க்களத்தில் பிரெஞ்சுக் குதிரைப்படையைக் காலாட்களாகவே எதிர்த்து முறியடித்த ஆறு படைப்பிரிவுகளில் அதுவும் ஒன்று. போகும் வழியில் தோட்டங்களில் பறித்த ரோஜாவைத் தொப்பியில் செருகிக்கொண்டார்களாம். அந்த வழக்கம் ஆண்டுதோறும் அத்தேதியில் இன்னமும் நடக்கிறது. 1915 செப்டம்பரில் பிரான்சில் லூஸ் என்னுமிடத்தில், விஷப்புகையால் தவித்துப் பதுங்குகுழியில் தேங்கிநின்ற தோழர்களுக்குத் துணிவூட்ட, டேனியல் லெய்ட்லா என்ற குழல்காரர் மேட்டின்மேல் ஏறி நின்று, காயம்பட்டு விழும்வரை ஊதினார். அவர் பெர்விக்ஷயரில் பிறந்தவர். அவர் ஊதிய மெட்டு, ஸ்காட்லாந்துக்காரர்கள் எல்லையைத் தாண்டி இங்கிலாந்துக்குள் பாயும் பழங்கதையைப் பற்றியது. அதற்காக இங்கிலாந்தின் அரசர் அவருக்கு விக்டோரியா சிலுவை அளித்தார்.

இவற்றையெல்லாம் பெருமிதத்தோடு பார்த்துவருகிறவன், இதே படைப்பிரிவு 1914 ஜூலை 26-இல் டப்ளின் நகரத்தில் செய்ததையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டும். அயர்லாந்துத் தொண்டர்கள் ஹவுத் துறையில் இறக்கிய துப்பாக்கிகளைப் பறிக்கப் போய், வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்களை, பேச்சலர்ஸ் வாக் என்னும் ஆற்றங்கரைத் தெருவில் ஜனக்கூட்டம் ஏசியது, கல்லும் வீசியது. சிப்பாய்கள் திரும்பி நின்று சுட்டார்கள். ஆயுதமில்லாத நால்வர் அதனால் இறந்தார்கள். ப்ளாக்ஸ்டன் பயந்தது இதற்குத்தான். நேற்றுவரை ட்வீட் கரையில் மந்தை மேய்த்தவனும் நெசவு நெய்தவனும் எப்படித் தெருவில் வருகிறவர்களைச் சுடுவான் என்று கேட்பவருக்கு, அவனைத் தெருவிலிருந்து பிரித்து வளர்த்த சுவர்களே பதில் சொல்லும்.

அத்தகைய சுவர்கள் பெருகியது அதற்கு வெகுகாலம் முன்பே. 1790-களில் பிரெஞ்சுப் புரட்சியின் பொறி இங்கிலாந்தில் விழுந்துவிடுமோ என்று அஞ்சிய பிரதமர் பிட்டின் அரசாங்கம், தேசமெங்கும் படைவீடுகளை விரைந்து கட்டத் தொடங்கியது. விடுதியில் உட்கார்ந்து தச்சனோடும் தையற்காரனோடும் குடிக்கிற சிப்பாய், அவர்களுடைய கலகப் பேச்சையும் குடித்துவிடுவான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. ஊரார் தங்களைச் சிப்பாயிடமிருந்து காத்துக்கொள்ள வேண்டி எழுந்த சுவர், சிப்பாயை ஊராரிடமிருந்து காப்பதற்கு இரண்டாவது ஜன்மம் எடுத்தது. இதற்கெல்லாம் இங்கிலாந்தில் வாதப்பிரதிவாதமாவது நடந்தது. அதே ஆங்கிலேயர் நம் நாட்டில் பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் திருச்சிராப்பள்ளியிலும், ஊருக்கு அப்பால் அளந்தெடுத்த நிலத்தில், தனிச் சாலையும் தனிக் கோவிலும் தனிச் சந்தையுமாகப் பட்டாளத்தைக் குடியேற்றியபோது, அது சுதந்திரத்துக்குப் பங்கம் என்று எந்தப் பண்டிதரும் வியாக்கியானம் எழுதவில்லை. திருச்சியில் கன்டோன்மென்ட் என்ற பெயர் பட்டாளம் போன பின்னும் பேருந்துப் பலகையில் பிழைத்திருக்கிறது.

1960-களில் அந்தப் படைப்பிரிவின் தலைமைப் பயிற்சிநிலையமும் பெர்விக்கை விட்டுப் போயிற்று. 2006-இல் அந்தப் படைப்பிரிவே வேறொன்றோடு இணைக்கப்பட்டுத் தன் பெயரை இழந்தது. நான் போனபோது, சிப்பாய்கள் தேகாப்பியாசம் செய்த கூடத்தில் நவீன ஓவியங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கடிகாரக் கட்டடத்தில், கப்பல் வியாபாரத்தில் பொருளீட்டிய சர் வில்லியம் பரெல் ஊருக்குத் தானமாகக் கொடுத்த கலைப்பொருள்கள் இருந்தன. சிப்பாய்களை எங்கள் வீடுகளிலிருந்து அகற்றுங்கள் என்று முந்நூறு வருஷத்துக்கு முன்னே நகரத்தார் போட்ட விண்ணப்பம் இவ்விதமாக அவர்கள் கேட்டதற்கும் மேலாகவே நிறைவேறிவிட்டது. கோடைக்காலத்தில் ஊரின் தெருக்களில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் பலகை தொங்குகிறது: அறை வாடகைக்கு, காலைச் சிற்றுண்டியோடு. முன்பின் தெரியாத அந்நியர்களை வீட்டு மாடியில் ஏற்றி, படுக்கை விரித்து, முட்டை பொரித்துக் கொடுப்பது இப்போது பெர்விக்கின் பிழைப்புகளில் ஒன்று. படைவீட்டுச் சுவருக்குச் சமீபத்தில் நானும் அப்படி ஒரு வீட்டில்தான் தங்கியிருந்தேன். நல்ல மனுஷி, கணப்புக்கு வேண்டிய விறகைக்கூட எண்ணாமல் கொடுத்தாள். பணத்தை மட்டும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டாள்.